சிவப்புக்கு ஒருத்தி, மஞ்சளுக்கு ஒருத்தி

பொறாமைக்கு ஒரு முகம் உண்டென்றால் அது எங்கள் வீட்டுத் தங்கச்சியின் முகம்தான். அழகான முகம் வேறு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வீடு என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, நான் அங்கே முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு வாடகைக்கு இருப்பவள். மாடியில் அக்காள் குடும்பம், கீழே தங்கச்சி குடும்பம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தலையெடுத்து வெளியூர் போய்விட்டதால் சண்டை போட நேரம் தாராளமாக இருந்தது. நான் யார் பக்கமும் பேசுகிறவள் இல்லை. ஆனால் என் அறைக்கு ஒரு பக்கம் சமையலறைச் சுவர், இன்னொரு பக்கம் மாடிப்படி. வாயை வேண்டுமானால் மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது?

அக்காள் புருஷனுக்குச் சிவப்புக் கிளப்பில் வேலை. கால்பந்து ஆடுகிறவர்களின் சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் அவர் பொறுப்பு. தெருவே அவரைச் சட்டைக்காரர் என்றுதான் கூப்பிடும். தங்கச்சி புருஷன் அதே ஊரில் மஞ்சள் கிளப்பின் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர், அவர் புல்லுக்காரர். சிவப்பு மேல் டிவிஷன், மஞ்சள் கீழ் டிவிஷன். சிவப்பு ஆடினால் டிவியில் வரும். மஞ்சள் ஆடினால் பக்கத்துத் தெருவுக்குச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

இதில் தங்கச்சிக்கு எரிவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், எல்லாமே இருந்தது. அக்காள் வீட்டு வாசலில் கிளப் கொடுத்த சிவப்புக் குடை. அக்காள் கையில் சிவப்புக் கிளப் பை. கடைக்காரன் அக்காளைப் பார்த்தால், "என்னம்மா, சனிக்கிழமை ஜெயிப்போமா?" என்பான். தங்கச்சியைப் பார்த்தால், "என்னம்மா, உருளைக்கிழங்கா?" என்பான். இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லி மூக்கைச் சிந்தியிருப்பாள்!

வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. சமையல் தங்கச்சி பொறுப்பு, நான்கு பேரும் கீழே ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். சலவை அக்காள் பொறுப்பு. சிவப்புக் கிளப் கழித்துப் போட்ட பெரிய சலவை மெஷின் ஒன்று பின்கட்டில் கிடந்தது. இரண்டு வீட்டுத் துணியும் அதில்தான். புல்லுக்காரர் பேன்ட்டின் கால் நுனியை மடித்து விட்டுக்கொள்வார். வெட்டுகிற புல் எல்லாம் அந்த மடிப்பில் சேர்ந்துகொள்ளும். அக்காள் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து உதறினால்தான் மெஷினில் போட முடியும். இல்லாவிட்டால் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொள்ளும்.

"உன் புருஷன் பேன்ட்ல ஒரு மாடு மேயலாம்டி" என்பாள் அக்காள்.

"மாடாவது மேயுது. உங்க வீட்டுக்காரர் சட்டையில மேய என்ன இருக்கு, வேர்வை நாத்தம்" என்பாள் தங்கச்சி.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. வெயிலோடு சேர்ந்து காற்றும் அடித்துத் தெருவெல்லாம் தூசி. அதே வருஷம் சிவப்பு கீழே இறங்க ஆரம்பித்தது. சும்மா இறங்கவில்லை, படிக்கட்டில் விழுந்த பாத்திரம் மாதிரி சத்தத்தோடு இறங்கியது. மஞ்சளோ தொட்டதெல்லாம் ஜெயித்துக்கொண்டே மேலே வந்தது. கடைசியில் மேல் டிவிஷனில் ஒரே ஓர் இடத்துக்கு இரண்டு கிளப்பும் நேருக்கு நேர் ஆட வேண்டியதாயிற்று. ஒரே ஒரு மேட்ச். ஜெயிக்கிறவர்கள் அடுத்த வருஷம் மேலே, தோற்கிறவர்கள் கீழே. எந்த மைதானம் என்று சீட்டுப் போட்டுப் பார்த்ததில் மஞ்சளின் மைதானம் விழுந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நானும் இருந்தேன். அவர் கிளப்பின் கிழிந்த கொடியைத் தைத்துக் கொடுத்ததற்காகப் புல்லுக்காரர் கூப்பிட்டிருந்தார். சூப்பும் ரொட்டியும் அவித்த முட்டையும்.

"கீழ போயிட்டா உங்க கிளப்புல என்ன மாமா பண்ணுவாங்க?" என்று தங்கச்சி சட்டைக்காரரைக் கேட்டாள். குரலில் தேன் வடிந்தது.

"என்ன பண்ணுவாங்க, ஆளைக் குறைப்பாங்க" என்றார் அவர். "கீழ் டிவிஷன்ல அவனவன் சட்டையை அவனவன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைச்சுக்குவான். உங்க மஞ்சள்ல அப்படித்தானே? அங்க சட்டைக்காரன்னு ஒருத்தன் எதுக்கு?"

"அட, அப்ப உங்களுக்கு வேலை போயிடுமா?"

"ஏன்டி, உனக்கு வாயில வேற வார்த்தையே வராதா?" என்றாள் அக்காள்.

"நான் கவலையில கேட்டேன்க்கா."

"உன் கவலை எனக்குத் தெரியாதா? சூப்பை ஊத்து."

புல்லுக்காரர் தலையே நிமிரவில்லை. நல்ல மனுஷன், சண்டை வந்தால் முட்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "அண்ணே, ஆட்டம்தானே, எது வேணா நடக்கும்" என்று மட்டும் சகலையிடம் சொன்னார்.

சட்டைக்காரர் சிரித்தார். ஆனால் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு அதைத் தவிர வேறு வேலை தெரியாது. அந்த வயசில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அக்காள் அந்த மிச்ச ரொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் பின்கட்டிலிருந்து அக்காளின் குரல் வந்தது. "டெய்லரக்கா, ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

போனேன். புல்லுக்காரரின் பேன்ட் ஒன்றைக் கையில் விரித்து வைத்திருந்தாள்.

"இதுல என்ன தெரியுது?"

"அழுக்கு தெரியுது."

"அழுக்கு இருக்கு, வேர்வை இருக்கு, மண்ணு இருக்கு. புல்லு எங்க?"

மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. மற்ற பேன்ட்டுகளும் அப்படியே.

"இந்த வாரம் பூரா அந்த ஆளு புல்லே வெட்டல" என்றாள். கண் பளபளவென்று இருந்தது. "வளரவிடறாங்க டெய்லரக்கா! எங்க பசங்க பந்தைத் தரையோட தரையாத் தட்டி ஆடறவங்க. புல்லு உயரமா இருந்தா பந்து ஓடாது, நடுவுலயே நின்னுடும். மஞ்சள்காரன் தூக்கித் தூக்கி அடிக்கிறவன், அவனுக்கு என்ன? அடப்பாவி, வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி முட்டை தின்னுக்கிட்டு இருந்தானே மனுஷன்!"

மைதானத்தின் கேட்டைப் பூட்டி, சுவர் ஓரம் துணி கட்டி, யாரையும் உள்ளே விடாமல் மஞ்சள்காரர்கள் காத்த ரகசியம். பின்கட்டில் பக்கெட்டுக்குப் பக்கத்தில் அவிழ்ந்துவிட்டது.

அக்காள் புருஷனிடம் சொன்னாள். புருஷன் சிவப்புக் கோச்சிடம் சொன்னார். பூட்ஸின் அடியில் தரையைக் கவ்வுவதற்குக் குமிழ்கள் உண்டு. திருகிக் கழற்றலாம், மாட்டலாம். உயரமான புல்லுக்கு நெட்டைக் குமிழ், ஒட்ட வெட்டின தரைக்குக் குட்டைக் குமிழ். சிவப்பு ஆட்டக்காரர்கள் ஊருக்கு வெளியே களை மண்டின ஒரு திடலில் நெட்டைக் குமிழோடு ஓடிப் பழக ஆரம்பித்தார்கள்.

சட்டைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸ்களைக் குவித்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தார். தங்கச்சி கீரையை ஆய்ந்தபடி அதைப் பார்த்தாள்.

"ஏன் மாமா, மழையே இல்லையே. நெட்டைக் குமிழ் எதுக்கு?"

"அது... கோச் சொன்னாரு."

"எதுக்குன்னு சொன்னாரு?"

"கோச் சொன்னா நான் ஏன்னு கேக்க முடியுமா?" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

தங்கச்சி கீரையை அப்படியே போட்டுவிட்டுப் புருஷனிடம் போனாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், புல்லை வளரவிடுவது கோச்சுக்கும் தனக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று. அவள் அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடந்தாள். துவைக்கப் போட்டிருந்த குவியலின் முன் நின்றாள். பிறகு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"டெய்லரக்கா, எங்கக்கா பேன்ட்டைப் படிக்கிறா."

நான் ஊசிக்கு நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும், நான் உண்டு என் மெஷின் உண்டுன்னு இருக்கிறவ."

"பரவாயில்ல. எனக்கு ஒரு பேன்ட் தச்சுக் குடுங்க. அவர் அளவுதான். கால்ல மடிப்பு வேணாம், நுனி இறுக்கமா இருக்கட்டும். இந்த வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாது."

தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கிக்கொண்டு தைக்கிறவளுக்குச் சிவப்பென்ன, மஞ்சளென்ன?

அன்றைக்கு அடுப்படியில் புருஷனும் பெண்டாட்டியும் தகராறு. சுவரில் காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஒட்ட வெட்டுங்க. வெட்டி, உருளை போட்டுத் தரையைக் கல்லு மாதிரி ஆக்குங்க. தண்ணி காட்டாதீங்க. நெட்டைக் குமிழை வச்சுக்கிட்டு அவங்க எப்படி நிக்கறாங்கன்னு பாக்கறேன்."

"ஏய், அவ்வளவு உயரம் வளந்ததை ஒரேயடியா வெட்டினா அடிப்பக்கம் வெளுத்துப்போய்த் தெரியும்டி. இந்த வெயில்ல சுட்டுப் பொசுங்கிடும். சொறி புடிச்ச நாய் மாதிரி ஆயிடும் என் மைதானம்."

"ஆனா ஆகட்டும். இருபது வருஷமா எனக்குப் பொசுங்குதே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

அவர் எழுந்து வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் போய் மஞ்சள் கோச்சிடம் சொல்லியிருக்கிறார். கோச் விழுந்து விழுந்து சிரித்தாராம். மேட்சுக்கு முந்தின நாளும் மேட்ச் அன்று காலையும் புல்லுக்காரர் நான் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வெட்டினார், உருளையை இழுத்தார். வீட்டுக்கு வரும்போது பழைய பேன்ட். அதைத் தங்கச்சி தன் கையால் மண்ணில் புரட்டித் துவைக்கப் போட்டாள். அக்காள் மடிப்பைப் பிரித்துப் பார்த்துத் திருப்தியாக மெஷினில் போட்டாள்.

சட்டைக்காரர் எந்த மேட்சுக்கும் இரண்டு வகைக் குமிழும் எடுத்துப் போகிறவர். மழை வரலாம், வராமல் போகலாம், தொழிலில் அதுதான் ஒழுங்கு. அன்றைக்கு மட்டும் குட்டைக் குமிழ்ப் பெட்டியைக் கிளப்பிலேயே விட்டுவிட்டுப் போனார். பெண்டாட்டி தன் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகு எதற்கு வீண் சுமை?

மைதானத்தில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். வலது பக்கம் சிவப்புக் குடையோடு அக்காள், இடது பக்கம் மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கச்சி. சிவப்புப் பையன்கள் ஓடி வந்தார்கள். ஓடி எங்கே வந்தார்கள், ஆணிப் பலகையில் நடக்கிறவர்கள் போல வந்தார்கள். தரை வெளுத்து, திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்து, உரிச்ச கோழி மாதிரிக் கிடந்தது. சட்டைக்காரர் கோட்டோரத்தில் நின்று தரையைப் பார்த்தார். குனிந்து கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கூட்டத்துக்குள் தன் பெண்டாட்டியைத் தேடிப் பார்த்தார்.

அக்காளின் முகத்தில் ரத்தமே இல்லை. "படுபாவி" என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

முதல் பாதி எப்படியோ தாக்குப் பிடித்தார்கள். இரண்டாம் பாதியில் சிவப்பின் பின்வரிசைக்காரன் ஒருவன் திரும்பும்போது கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான். மஞ்சள்காரன் ஒருவன் பந்தை வாங்கி நேரே கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், அந்த ஒரு கோல்தான். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. மஞ்சள் கோச் என்ன சொன்னாரோ, ஆட்டக்காரர்கள் ஓடிப்போய்ப் புல்லுக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அந்த மனுஷன் கூச்சத்தில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தங்கச்சி எழுந்து நின்று சீட்டியடித்தாள். அவளுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டில் ஆரம்பித்தது.

"நீ அந்தப் பேன்ட்டை மண்ணுல புரட்டிப் போட்டியா இல்லையா?"

"நீ அந்த மடிப்பைப் பிரிச்சு வேவு பாத்தியா இல்லையா?"

"என் புருஷன் வேலைடி அது! சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"உன் சோத்துல மண்ணு விழுந்தா நான் என்னக்கா பண்றது? இத்தனை வருஷம் நான் மண்ணைத்தானே தின்னேன்! உன் பழைய குடை, உன் பழைய பை. மெஷின்கூட உங்க கிளப்பு கழிச்சுப் போட்டது!"

"தரலைன்னாலும் பேசுவ, தந்தாலும் பேசுவ. நீ எல்லாம் ஒரு கூடப்பிறந்தவ!"

அன்றோடு மேஜை காலியாகிவிட்டது. அக்காள் மாடியில் தனியாகச் சமைத்தாள். தங்கச்சி கல்லில் போட்டுத் துவைத்தாள். ஆண்கள் இருவரும் வாசலில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள், பேச்சில்லை. அந்த மாதமே சிவப்புக் கிளப் சட்டைக்காரரைக் கூப்பிட்டுக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. குமிழ்ப் பெட்டியை விட்டுவிட்டு வந்ததைக் காரணமாகச் சொன்னார்களாம். அது இல்லாவிட்டாலும் அனுப்பியிருப்பார்கள். மனுஷன் வேலைக்குப் போகிற நேரத்துக்கு எழுந்து, குளித்து, மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். பார்க்கச் சகிக்கவில்லை.

தங்கச்சி தினமும் அவரைத் தாண்டிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரன் இப்போது, "வாங்கம்மா, மேல் டிவிஷன்!" என்று கூப்பிடுகிறான். அவள் நடையே மாறிவிட்டது. ஒருநாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"டெய்லரக்கா, மேல போயிட்டா எங்க கிளப்புக்கும் சட்டைக்காரர் வேணுமாம். அனுபவம் இருக்கிற ஆள் தேடறாங்க. இவர் சொன்னாக் கேட்டுக்குவாங்க."

"நல்லதுதானேம்மா, சொல்லச் சொல்லு. பாவம் அந்த மனுஷன்."

"பாவம் பாத்துச் சொல்லல. எங்கக்கா காலம்பூரா என் தயவுல இருக்கணும். ஒவ்வொரு மாசமும் சம்பளம் வரும்போது அவளுக்கு என் மூஞ்சி ஞாபகத்துக்கு வரணும்."

இப்படி ஒரு உபகாரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. புல்லுக்காரர் மனசாரப் போய்ச் சொன்னார், வேலையும் கிடைத்தது. சேதியைத் தானே கொண்டுபோவேன் என்று தங்கச்சி நல்ல துணி உடுத்தி, தலை வாரி, என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு மாடியேறினாள். என்ன சொல்ல வேண்டும் என்று படியிலேயே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்காள் சேதியைக் கேட்டாள். அவள் சண்டை போடுவாள், வேண்டாம் என்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் ராசாத்தி" என்று ஓவென்று அழுதுவிட்டாள். தங்கச்சி தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் கீழே இறங்கி வரும்போது தரையில் கால் பாவவில்லை. மறுபடி நான்கு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். பெரிய முட்டையாகப் பொறுக்கித் தங்கச்சி சட்டைக்காரர் தட்டில் வைத்தாள். தர்மம் போடுகிற கை, பார்த்தாலே தெரியும்.

அதற்கப்புறம்தான் லீக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேல் டிவிஷனில் ஆட வேண்டுமானால் மைதானத்தில் இத்தனை நாற்காலி வேண்டும், விளக்குக் கம்பம் வேண்டும், டிவிக்காரர்களுக்கு அறை வேண்டும். மஞ்சள் மைதானத்தில் இருந்தது மரப் பலகையும் தகரக் கூரையும்தான். சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஆட முடியாது" என்று சொல்லிப் போய்விட்டார்கள். மஞ்சள் கிளப் என்ன செய்யும்? சிவப்புக் கிளப்பின் பெரிய மைதானத்தை வாடகைக்குப் பேசி முடித்தது. அந்த மைதானத்துக்கு ஏற்கனவே புல்லுக்காரர்கள் இருந்தார்கள், பெரிய பெரிய வண்டியில் உட்கார்ந்து வெட்டுகிறவர்கள். பழைய மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். எந்தக் கையால் தூக்கிக் கொண்டாடினார்களோ அதே கையால் ஒரு மாலையைப் போட்டு மனுஷனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சட்டைக்காரர் மேல் டிவிஷனிலேயே இருந்தார். சட்டையின் நிறம் மாறியது, அவ்வளவுதான். கடைக்காரன் அக்காளைப் பார்த்து, "என்னம்மா, சனிக்கிழமை ஜெயிப்போமா?" என்று கேட்டதை நானே என் காதால் கேட்டேன். நல்லவேளை, அப்போது தங்கச்சி கூட இல்லை.

தங்கச்சி சாப்பிடுவதை விட்டாள். சமைப்பாள், பரிமாறுவாள், அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். புல்லுக்காரர் கூட அவ்வளவு உடைந்துபோகவில்லை. வாசலில் ஒரு தொட்டியில் எதையோ விதைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் ஆண்கள் வெளியே போயிருந்தபோது அக்காள் கீழே வந்தாள். நான் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்; என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

"ஏன்டி, சட்டை துவைக்க இன்னொரு ஆள் வேணுமாம் அங்க. இவர்கிட்ட சொல்லி உன் வீட்டுக்காரரைச் சேத்துவிடச் சொல்லட்டுமா?"

"உங்க தயவுலயா?"

"எங்க தயவு, உங்க தயவு என்னடி? நீ செய்யலையா எங்களுக்கு?"

"நான் உனக்கு நல்லது நினைச்சுச் செய்யலக்கா." தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ என்கிட்டக் கையேந்தணும்னு செஞ்சேன். அதுவும் உனக்கே நல்லதா முடிஞ்சிருச்சு பாரு. வயிறு எரியுதுக்கா. நீ மாடிப்படியில ஏறற சத்தம் கேட்டாலே எரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

அக்காள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டும்தான் எரியும்னு நினைச்சியா? அன்னைக்கு உன் புருஷனைத் தோள்ல தூக்கிச் சுத்தினாங்களே. நாங்க தோத்ததுகூட எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. மொதல்ல எரிஞ்சது அதுதான். இத்தனை வருஷமா அத்தனை பேர் சட்டையைத் துவைச்சுப் போட்டாரே இவரு, ஒருத்தன், ஒரே ஒருத்தன் இவரைத் தோள்ல தட்டி நல்லா இருக்குண்ணேன்னு சொன்னதில்லடி. உன் புருஷனை ஊரே பாக்கத் தூக்கினாங்க. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. தண்ணி குடிச்சாக்கூட நெஞ்சுல நின்னுச்சு."

தங்கச்சி மெதுவாகத் திரும்பினாள். பல வாரமாகச் செத்துக் கிடந்த அந்த முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் பார்த்தேன்.

"நிஜமாவா?"

"ஆமாடி."

"சோறு இறங்கலையா?"

"பச்சைத் தண்ணி இறங்கலன்னு சொல்றேன்."

தங்கச்சி ஒரு தட்டை எடுத்தாள். சூப்பை ஊற்றினாள், ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள், அக்காளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து சொல்லுக்கா" என்றாள். "அவரைத் தூக்கினாங்கல்ல, அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

அக்காள் சொன்னாள். தங்கச்சி சாப்பிட்டாள்.